ஆட்டக்களத்தில் பண்டமாற்று

பேராக் ஆற்றின் பெருவளைவில் அமைந்த தெலுக் இந்தான் நகரத்தார்க்கு ஒன்றைக் கொடுத்து ஒன்றைப் பெறுதல் புதிய செய்தியன்று. கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயம் ஒரு காலத்தில் இத்துறையிலிருந்தே கப்பலேறியது. 1893-ஆம் ஆண்டில் தாப்பா ரோட்டிலிருந்து இருப்புப்பாதைக் கிளையொன்று இங்கு வந்து சேர்ந்தது. ஈயத்திற்குப்பின் ரப்பர் வந்தது. ரப்பரைச் சாய்த்துவிட்டுச் செம்பனை வந்தது. ஊரின் பெயரே மாற்றத்திற்கு உள்ளானது. பினாங்கில் துணை ஆளுநராக இருந்த ஆர்ச்சிபால்டு ஆன்சன் என்னும் ஆங்கிலத் தளபதியின் பெயரால் ‘தெலுக் ஆன்சன்’ என வழங்கிய நகரம், 1982-ஆம் ஆண்டில் ‘தெலுக் இந்தான்’ ஆயிற்று. மலாய் மொழியில் ‘தெலுக்’ என்பது வளைகுடா. ‘இந்தான்’ என்பது வைரம். 1885-இல் லியோங் சூன் சோங் என்பவர் கட்டிய சாய்ந்த மணிக்கூண்டு மட்டும் இம்மாற்றங்கள் அனைத்தையும் சாய்ந்தபடியே பார்த்துக்கொண்டு நிற்கிறது.

ஊரும் பயிரும் பெயரும் மாறலாம். ஊர் நேசித்த ஓர் ஆட்டக்காரரை மாற்றிக் கொடுக்கலாமா என்பது வேறு வினா. பதினைந்து, இருபது ஆண்டுகள் ஒரே அணியின் சட்டையை அணிந்து ஆடியவர். கால்கள் சற்றே தளர்ந்துவிட்டன. வேறோர் அணி அவரைக் கேட்கிறது. ஈடாக இரண்டு இளைஞர்களைத் தருவதாகச் சொல்கிறது. கொடுப்பதா, வைத்துக்கொள்வதா? ஓரத்தில் நின்று ஆட்டம் பார்க்கும் இரசிகர் தம் மனத்திற்குள் தூக்கும் தராசு இது. இத்தராசுக்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் தமிழர் ஒருவரின் கதையும் இருக்கிறது. அது மலேசியத் திடல்களையும் தொட்டுச் செல்கிறது.

முதலில் சொல்லைப் பற்றிச் சிறிது. ‘ஹாக்கி’யைத் தமிழ்நாட்டார் ‘வளைகோற் பந்தாட்டம்’ என்றும் ‘வளைதடிப் பந்தாட்டம்’ என்றும் எழுதினர். மலாயாத் தமிழர் பேச்சில் ‘ஹாக்கி’ என்பதே நிலைத்தது. இவ்வாட்டத்தில் அடிப்பதும் ‘கோல்’, அடைவதும் ‘கோல்’ என்று தமிழாசிரியர்கள் நகைப்பதுண்டு. முன்னது தமிழ், பின்னது ஆங்கிலம். அணிகள் தமக்குள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்வதற்கு வட அமெரிக்கர் வழங்கும் சொல்லோ வணிகச் சொல். ஆளுக்கு ஆள் கொடுப்பதாகலின் ‘பண்டமாற்று’ என்பதே அதற்கு நேரான தமிழ். நெல்லைக் கொடுத்து உப்பைப் பெற்ற உமணர் காலத்துச் சொல் ஐஸ் அரங்குக்கும் பொருந்துகிறது.

மலாயாவில் ஹாக்கி வளர்ந்த வழி இப்பண்டமாற்றுக்கு இடமளிக்கவில்லை. தோட்டத் தொழிலாளர் லயங்களின் முன்னே உதைபந்தே ஆடப்பட்டது. அதற்குப் பந்து ஒன்று போதும். ஹாக்கிக்கோ ஆளுக்கொரு கோலும், பந்து துள்ளாத சமதரையும் வேண்டும். ஆகவே அது ஆங்கிலப் பள்ளிகளிலும், இரயில்வே, காவல்துறை போன்ற துறைகளிலும், உத்தியோகத்தர் கழகங்களிலும் வேரூன்றியது. சீக்கியர், யாழ்ப்பாணத் தமிழர், யுரேசியர் ஆகியோர் பெயர்கள் பழைய அணிகளில் மிகுதியாகத் தோன்றுவதற்கு இதுவே காரணம். ஒருவன் எந்த அணிக்கு ஆடுகிறான் என்பதை அவன் எங்கே வேலை பார்க்கிறான் என்பது முடிவு செய்தது. இரயில்வேக் கிராணி இரயில்வே அணிக்கு ஆடினான். அவனுக்கு வேறூருக்கு மாற்றல் உத்தரவு வந்தால் அணியும் மாறியது. இரசிகரின் வருத்தம் இரயிலடியில் வழியனுப்புவதோடு முடிந்தது. அது அரசாங்கத்தின் ஆணை. யாரையும் நோவதற்கு இல்லை.

இந்த அடிப்படையின் மீதுதான் நாட்டணியும் எழுந்தது. மலாயா ஹாக்கிச் சம்மேளனம் 1953-இல் தோன்றியது. 1956-ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கில் மலாயா அணி கலந்துகொண்டது. 1975-இல் உலகக் கிண்ணப் போட்டி கோலாலம்பூரில் நடந்தபோது மலேசியா நெதர்லாந்தை வென்று அரையிறுதிக்கு வந்தது. ஸ்ரீ சண்முகநாதன், மகேந்திரன், பத்மராஜா, பூன் ஃபுக் லோக் முதலியோர் ஆடிய அணி அது. அரையிறுதியில் இந்தியாவை இரண்டுக்கு ஒன்று என்று முந்தி நின்றது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கையில், அதுவரை வெளியே அமர்ந்திருந்த அஸ்லம் ஷேர் கான் உள்ளே அனுப்பப்பட்டு, தண்ட மூலையடியைக் கோலாக்கினார். கூடுதல் நேரத்தில் இந்தியா 3-2 என வென்றது. பின்னர்ப் பாகிஸ்தானை வென்று கிண்ணத்தையும் பெற்றது. மலேசியாவுக்கு நான்காம் இடம். அதற்குமேல் அந்நாடு உலகக் கிண்ணத்தில் ஏறியதில்லை. பேராக்கில் அப்போட்டியை வானொலியில் கேட்ட தலைமுறைக்கு ஆட்டக்காரர்கள் சொந்த உறவினர் போன்றவர்கள். அவர்களுக்கு விலை கூறுவது எண்ணத்திலும் இல்லாதது.

மறு ஆண்டே தரை மாறியது. 1976-ஆம் ஆண்டு மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஹாக்கி செயற்கைப் புல்தரைக்குச் சென்றது. புல்லில் பந்தை நிறுத்தவும் திருப்பவும் தேர்ந்த கை வேண்டும். செயற்கைத் தரையில் ஓட்டமும் மூச்சும் முன்னுக்கு வந்தன. ஆசிய அணிகளின் இறக்கத்திற்கு இதனைக் காரணமாகச் சொல்வோர் பலர். மற்றொரு விளைவைச் சொல்வோர் சிலரே: ஆட்டக்காரரின் முதுமை விரைவில் வெளிப்படலாயிற்று. முன்பு முப்பத்தைந்து வயதில் கைத்திறத்தால் மறைக்க முடிந்த தளர்ச்சியை இப்போது மறைக்க முடியவில்லை. இரசிகரின் தராசில் ஒரு தட்டு இதனால் கனத்தது.

1987-இல் மலேசிய ஹாக்கி லீக் தொடங்கியது. வங்கிகளும் மின்வாரியமும் தொலைபேசி நிறுவனமும் அணிகளை நடத்தின. வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் ஊதியத்திற்கு வரவழைக்கப்பட்டனர். பேராக் மன்னர் சுல்தான் அஸ்லான் ஷா ஹாக்கியில் கொண்ட ஈடுபாடும் இக்காலத்தில் ஆட்டத்திற்குப் பெருந்துணையாயிற்று. அவர் பெயரால் 1983-இல் தொடங்கிய கிண்ணப் போட்டி பின்னாளில் ஈப்போவையே நிலையான இடமாகக் கொண்டது. இந்தியாவின் முன்னணி ஆட்டக்காரர்களைப் பேராக்குத் தமிழர் கண்ணாரக் கண்டது இப்படித்தான்.

அவ்வாறு மலேசியாவுக்கு வந்து ஆடியவர்களுள் ஒருவர் தன்ராஜ் பிள்ளை. பாங்க் சிம்பானான் நேஷனல் அணிக்கும் டெலிகாம் மலேசியா அணிக்கும் அவர் ஆடினார். இலண்டன் இந்தியன் ஜிம்கானா, பிரான்சின் லியோன், ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் கிக்கர்ஸ், வங்காளதேசத்தின் அபாஹனி ஆகியவற்றுக்கும் ஆடியவர். 1968-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 16-ஆம் நாள் பூனாவை அடுத்த கட்கியில் பிறந்தார். நாகலிங்கம் பிள்ளை, ஆண்டாளம்மாள் ஆகியோரின் மகன். படைக்கலத் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்தார். தந்தை அங்கே விளையாட்டுத் திடலைப் பேணும் பணியில் இருந்தவர். புதுக்கோல் வாங்கப் பணமின்றி, உடைந்த கோல்களைக் கயிற்றால் கட்டி ஆடிப் பழகியதை அவர் மறைத்ததில்லை. 1989 இறுதியில் டில்லியில் நடந்த ஆசியக் கிண்ணப் போட்டியில் இந்தியச் சட்டையை முதன்முதல் அணிந்தார். 2004 வரை அதனைக் கழற்றவில்லை. இடையிடையே பிறர் கழற்றினர். அவருடைய வரலாற்றைச் சந்தீப் மிஸ்ரா ஆங்கிலத்தில் எழுதியபோது, ‘என்னை மன்னித்துவிடு அம்மா’ என்னும் பொருளில் நூலுக்குப் பெயரிட்டார். ‘அம்மா’ என்ற தமிழ்ச் சொல் மட்டும் ஆங்கிலத் தலைப்பிலும் அப்படியே நின்றது.

நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கிண்ணம், நான்கு சாம்பியன்ஸ் கோப்பை, நான்கு ஆசிய விளையாட்டு. மொத்தம் 339 பன்னாட்டு ஆட்டங்கள். இவை எண்ணத்தக்கவை. ஆனால் அவர் அடித்த கோல்கள் எத்தனை? 170-க்கு மேல் என்பது அவர் கணக்கு. ஆட்டத்தை நடத்திய இந்தியச் சம்மேளனம் கோற்கணக்கை முறையாக எழுதி வைக்கவில்லை. மூத்த வீரர் ஒருவரை வைத்திருப்பதா விடுவதா என்று தராசு தூக்கியவர்களிடம் எடைக்கற்களே இல்லை என்பது இதனால் விளங்கும்.

1998 டிசம்பரில் பாங்காக்கில் நடந்த ஆசிய விளையாட்டில் தன்ராஜ் தலைமையில் இந்தியா தங்கம் வென்றது. 1966-க்குப்பின் 32 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த தங்கம் அது. இறுதியாட்டத்தில் தென்கொரியாவைத் தண்டவடிகளில் வென்று பெற்றது. நாடு மகிழ்ந்தது. அடுத்த தொடருக்கு அணி அறிவிக்கப்பட்டபோது தலைவரும் உடன் ஆடிய அறுவரும் அதில் இல்லை. ஓய்வு கொடுத்தோம் என்பது ஒரு விளக்கம். ஆட்ட ஊதியம் வரவில்லை என வெளிப்படையாகப் பேசியதற்குத் தண்டனை என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். எதிர்ப்பு எழுந்தது, பின்னர் அவர் மீண்டும் அழைக்கப்பட்டார்.

2002 உலகக் கிண்ணம் கோலாலம்பூருக்கு வந்தது. இந்திய அணி பத்தாம் இடத்திற்குச் சரிந்தது; போட்டியின் நடுவிலேயே பயிற்றுநர் நீக்கப்பட்டார். 34-ஐ நெருங்கிய தன்ராஜின் காலம் முடிந்தது என எண்ணியவர் பலர். மறு ஆண்டு, 2003 செப்டம்பரில், அதே நகரத்தில் ஆசியக் கிண்ணப் போட்டி நடந்தது. 35 வயதுத் தலைவராக அவர் அணியை நடத்தினார். இறுதியாட்டத்தில் பாகிஸ்தானை 4-2 என வென்று இந்தியா அக்கிண்ணத்தை முதன்முறையாகப் பெற்றது. முதியவரை எப்போது விடுவது என்ற வினாவுக்கு ஒரே நகரம் ஓராண்டு இடைவெளியில் இரண்டு விடைகளைத் தந்துவிட்டது. முதல் விடையை நம்பி அவரை நீக்கியிருந்தால் இரண்டாவது விடை கிடைத்திருக்குமா என்பது ஆராயத்தக்கது.

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் அவருக்கு இறுதி. இந்தியா ஏழாம் இடம். வேண்டுமளவு ஆளை மாற்றிக்கொள்ளலாம் என்னும் விதி அப்போது வழக்கில் இருந்தது. மூத்தவரைச் சிறிது சிறிதாகப் பயன்படுத்திக் காப்பதற்கு ஏற்ற விதி அது. ஆனால் கடைசி ஆட்டத்தில் அவர் பெரும்பொழுது ஓரத்துப் பலகையிலேயே அமர்த்தப்பட்டார் என்பது அன்று பலர் எழுதிய செய்தி. காக்க வந்த விதி கைவிடவும் உதவிற்று. அதன்பின் நாட்டணியில் அவர் பெயர் வரவில்லை. விடைபெறு ஆட்டம் என்று ஒன்றும் இல்லை.

இதனை அமெரிக்கப் பண்டமாற்றோடு ஒப்பிட்டுக் காண்பது நலம். அங்கே ஆடப்படுவது ஐஸ் ஹாக்கி. கோலும் வளைவும் ஒன்றே, தரையும் பந்தும் வேறு. ரேமண்ட் போர்க் என்னும் தற்காப்பு ஆட்டக்காரர் 1979 முதல் பாஸ்டன் புரூயின்ஸ் அணிக்கே ஆடியவர், அதன் தலைவர், 77 என்னும் எண் அவருடையது. இருபது ஆண்டுகள் கடந்தும் ஸ்டான்லி கிண்ணத்தை அவர் தொட்டதில்லை. பாஸ்டனும் 1972-க்குப்பின் அதனை வென்றதில்லை. அணி தாழ்ந்து கிடந்தது. அவருக்கு வயது 39. வேறிடத்திற்கு அனுப்புமாறு அவரே கேட்டார். 2000-ஆம் ஆண்டு மார்ச் 6-ஆம் நாள் பாஸ்டன் அவரை மற்றொரு ஆட்டக்காரருடன் கொலராடோ அணிக்குக் கொடுத்து, ஈடாக மூன்று ஆட்டக்காரர்களையும் புதியோரைத் தேர்ந்தெடுக்கும் முதற்சுற்று உரிமை ஒன்றையும் பெற்றது. 2001 ஜூன் 9-ஆம் நாள் கொலராடோ நியூ ஜெர்சியை ஏழாவது ஆட்டத்தில் வென்றது. கிண்ணத்தைத் தலைவர் முதலில் தூக்குவது மரபு. தலைவர் ஜோ சாக்கிக் அதனைத் தாம் தூக்காமல் போர்க்கின் கையில் கொடுத்தார். சில நாட்களில் போர்க் அக்கிண்ணத்தைப் பாஸ்டன் நகரமன்றத் திடலுக்கு எடுத்துச் சென்றார். வேறோர் ஊர் வென்ற கிண்ணத்தைக் காணப் பல்லாயிரவர் அங்கே கூடினர்.

புறநானூறு கற்றவர்க்கு இவ்விடத்தில் பெருஞ்சித்திரனார் நினைவுக்கு வருவார். வெளிமானின் தம்பி இளவெளிமான் தகுதியறியாது சிறிதளவே கொடுக்க, அதனைக் கொள்ளாது குமணனிடம் சென்று யானையைப் பரிசிலாகப் பெற்று, அந்த யானையை இளவெளிமானின் காவல் மரத்தில் கொணர்ந்து கட்டியவர் அப்புலவர். அவர் கட்டியது மானத்தால். போர்க் கொணர்ந்ததோ நன்றியால். கொடுத்தவர்களைக் குத்திக்காட்ட அன்று. வாழ்த்தி அனுப்பியவர்களுக்குக் காட்ட. அங்கே ஊராரும் வந்து நின்றனர். பாஸ்டன் இரசிகர் தம் தராசில் எதை எடைபோட்டார் என்பதை இது புலப்படுத்தும். அணி கிண்ணம் பெறவேண்டும் என்பதைவிட, அவர் கிண்ணம் பெறவேண்டும் என்பது அவர்களுக்குப் பெரிதாயிற்று.

செஞ்சோற்றுக் கடன் என்பதைத் தமிழர் உயர்வாகப் போற்றுவர். உண்ட சோற்றுக்கு உயிர்கொடுத்த கன்னன் கதையைத் தோட்டத்துக் கூத்து மேடைகள் விடிய விடிய ஆடிக் காட்டியதுண்டு. அக்கண் கொண்டு பார்த்தால் மூத்த வீரர் தம் அணியிலேயே முடியவேண்டும். அவரைக் கொடுப்பது குற்றம், அவர் போவது அதனினும் குற்றம். ஆனால் கன்னனின் கடன் ஒரு பக்கத்தது. சோறிட்டவனுக்கும் ஒரு கடன் உண்டு என்பதை அக்கதையைச் சொல்வோர் பெரும்பாலும் சொல்வதில்லை. இருபதாண்டு உழைப்பை உண்ட அணிக்கும் சோற்றுக்கடன் உண்டன்றோ? பாஸ்டன் அதனை அவரை விடுத்துத் தீர்த்தது.

பண்டமாற்று என்ற சொல் காதுக்கு இனிமையாக இல்லை. ஆளை ஆடுமாடு போல் கருதுவதாகத் தோன்றும். அக்குறை மெய்யே. போர்க் தாமே கேட்டுச் சென்றார். கேளாமலே அனுப்பப்பட்டவர் எண்ணற்றவர். எனினும் பண்டமாற்றில் ஒரு நேர்மை இருக்கிறது. இவருக்கு இன்ன மதிப்பு என ஒருவர் வாய்திறந்து சொல்லவேண்டியிருக்கிறது, ஈடு தரவேண்டியிருக்கிறது. தன்ராஜுக்கு நேர்ந்ததில் ஈடும் இல்லை, மதிப்பீடும் இல்லை, அறிவிப்பும் இல்லை. பெயர்ப்பட்டியலில் பெயர் இல்லாமற் போயிற்று, அவ்வளவே. விற்கப்பட்டவரைவிட விடப்பட்டவர் நிலையே இரங்கத்தக்கது. நாட்டணிக்கும் தொழில் அணிக்கும் வேறுபாடு உண்டு. நாட்டணி யாரையும் மாற்றிக் கொடுக்க முடியாது என்று மறுக்கலாம். உண்மை. ஆனால் சொல்லி அனுப்புவதற்கு எந்த நாட்டுச் சட்டமும் தடையில்லை.

இந்தியாவில் பின்னர் ஏலமுறை வந்தது. 2005-இல் தொடங்கிய பிரிமியர் ஹாக்கி லீக்கில் தன்ராஜ் மராத்தா வாரியர்ஸ் அணிக்குத் தலைவர். அது சில ஆண்டுகளே நடந்தது. 2012 டிசம்பரில் ஹாக்கி இந்தியா லீக்கின் முதல் ஏலம் நடந்தது. சர்தார் சிங்கை 78,000 டாலருக்கு டில்லி வேவ்ரைடர்ஸ் வாங்கிற்று. 36 வயதான நெதர்லாந்து வீரர் டியூன் டி நூயர் அதே ஏலத்தில் உத்தரப் பிரதேச அணிக்குச் சென்றார். முதுமைக்கும் விலை உண்டு என்பது அன்று தெரிந்தது. டில்லி 2014-இல் கிண்ணம் வென்றது. 2015-ஆம் ஆண்டின் புதிய ஏலத்தில் சர்தார் 58,000 டாலருக்குப் பஞ்சாப் வாரியர்ஸ் அணிக்குப் போனார். 2016-இல் கிண்ணம் பஞ்சாபுக்கு. ஏலத்தில் இரசிகர் ஒன்றும் எடைபோட வேண்டியதில்லை. சம்மட்டி விழுந்தபின் தொலைக்காட்சியில் தெரிந்துகொள்கிறார். தமிழ்நாட்டின் பெயரால் டிராகன்ஸ் அணி 2024-இல் இந்த லீக்கில் சேர்ந்தது. அவ்வணி இன்னும் யாரையும் இழந்து வருந்தும் அளவுக்கு வயதாகவில்லை.

மலேசியாவிலும் இக்கேள்வி எழாமல் இல்லை. கோல்காவலர் சுப்பிரமணியம் குமார் 1979-இல் பிறந்தவர். முந்நூறுக்கு மேற்பட்ட பன்னாட்டு ஆட்டங்கள் ஆடியவர். 2018 ஜக்கார்த்தா ஆசிய விளையாட்டு இறுதியில் மலேசியக் கோலைக் காத்து நின்றபோது வயது 38. ஜப்பானுடன் ஆட்டம் ஆறுக்கு ஆறு எனச் சமமாகி, ஒற்றைக்கு ஒற்றைப் போட்டியில் நழுவியது. டோக்கியோ ஒலிம்பிக் வாய்ப்பும் அதனோடு நழுவியது. இளையவர் ஒருவர் நின்றிருந்தால் என்று சொன்னவர்கள் உண்டு. அவர் இல்லாவிடில் இறுதிக்கே வந்திரார்கள் என்று சொன்னவர்களும் உண்டு. கோல்காவலர்க்கு முதுமை மெதுவாகவே வரும். அவர் ஓடுவதில்லை, எதிரியின் எண்ணத்தைப் படிக்கிறார். அப்படிப்பு ஆண்டு ஏற ஏற மிகும். ஆதலின் முன்கள ஆட்டக்காரர்க்குப் பொருந்தும் எடைக்கல் காவலருக்குப் பொருந்தாது. தெலுக் இந்தான் திடலோரத்து இரசிகர் இதனை நன்கறிவார். நூலில் படித்தன்று, பார்த்துப் பார்த்து.

எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்தபின்னும் கணக்குத் தவறுவது உண்டு. கனடாவின் டொராண்டோ நகரில் நடந்த வரலாறு அதற்குச் சான்று. 1983-க்குப்பின் ஈழத்தமிழர் பெருந்திரளாகக் குடியேறிய நகரம் அது. இன்று அவர்தம் பிள்ளைகளுள் பலர் அவ்வூர் மேப்பிள் லீஃப்ஸ் அணியின் இரசிகர்கள். பேராக்கில் உறவினர் உள்ளவர்களும் அவர்களிடை இருப்பர்.

1994 ஜூன் 28-ஆம் நாள் அவ்வணி தன் தலைவர் வெண்டெல் கிளார்க்கைக் கியூபெக் அணிக்குக் கொடுத்தது. ஒன்பது பருவங்கள் உடல்நோகாது பாராமல் ஆடிய அவரை ஊர் தலையில் வைத்துக் கொண்டாடியது. கண்ணீர் விட்டவர் பலர். ஈடாக வந்தவர்களுள் ஒருவர் சுவீடனைச் சேர்ந்த மாட்ஸ் சண்டின். பதின்மூன்று பருவங்கள் அங்கே ஆடி, 1997 முதல் தலைவராகவும் இருந்து, கிளார்க்கினும் மிகுதியாகக் கோலடித்தார். நெஞ்சு நொந்து கொடுத்த பண்டமாற்று, கணக்கில் நல்ல பண்டமாற்று என்றாயிற்று.

ஆனால் ஊர் கிளார்க்கை மறக்கவில்லை. 1996 மார்ச்சில் அணி அவரை மீண்டும் வாங்கியது. இம்முறை விலை பெரிது. இளைய ஆட்டக்காரர் மூவரோடு, அடுத்த ஆண்டு புதியோரைத் தேர்ந்தெடுக்கும் முதற்சுற்று உரிமையையும் கொடுத்தது. அவ்வுரிமையைக் கொண்டு நியூயார்க் ஐலண்டர்ஸ் அணி 1997-இல் தேர்ந்தெடுத்த இளைஞர் ராபர்ட்டோ லுவாங்கோ. பின்னாளில் அவர் காலத்துச் சிறந்த கோல்காவலர்களுள் ஒருவர். அன்பை மீட்கக் கொடுத்த விலை அது. கொடுத்த நாளில் அதன் மதிப்பு யாருக்கும் தெரியாது. பதினாறு வயது கடந்த ஒரு சிறுவனின் வருங்காலத்தை எந்த இரசிகர் எடைபோட முடியும்?

2008 பிப்ரவரியில் சண்டினின் முறை வந்தது. அணி தோற்றுக்கொண்டிருந்தது, அவர் வயது 37. அவரைக் கொடுத்து இளைஞர்களைப் பெற அணி விரும்பியது. தம் இசைவின்றி அனுப்பக்கூடாது என்னும் விதி அவர் ஒப்பந்தத்தில் இருந்தது. பருவத்தின் நடுவில் வேறு அணிக்குச் சென்று கிண்ணத்தைத் தேட விருப்பமில்லை எனக் கூறி அவர் மறுத்தார். இரசிகர் இரண்டுபட்டனர். பற்றுடையவர் என்றனர் ஒரு சாரார். அணிக்கு வரவேண்டிய ஈட்டை வராமற் செய்தவர் என்றனர் மற்றையோர். இரண்டும் உண்மை என்பதே அந்த வழக்கின் கடினம். போர்க் போனதால் ஊருக்கு ஈடு கிடைத்தது, அவருக்குக் கிண்ணம் கிடைத்தது. சண்டின் நின்றதால் இருசாரார்க்கும் எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் நின்றவரைக் குறைகூறும் உரிமை, பதின்மூன்று பருவம் அவர் நின்றதால் மகிழ்ந்தவர்களுக்கு எவ்வளவு உண்டு?

அப்பருவம் முடிந்தபின் ஒப்பந்தம் தீர்ந்தது. டிசம்பரில் சண்டின் வான்கூவர் அணியில் சேர்ந்தார். டொராண்டோவுக்கு ஈடாக ஒன்றும் வரவில்லை. 2009 பிப்ரவரி 21-ஆம் நாள் அவர் வான்கூவர் சட்டையில் டொராண்டோ அரங்கிற்குள் வந்தார். மக்கள் எழுந்து நின்று நெடுநேரம் கைதட்டினர். ஆட்டம் இரண்டுக்கு இரண்டு எனச் சமமாகி, ஒற்றைக்கு ஒற்றையில் வெற்றிக் கோலை அடித்தவர் சண்டினே. தோற்ற அரங்கம் மறுபடியும் கைதட்டியது. அப்பருவத்தில் வான்கூவர் அணிக்குத் தலைவராக இருந்தவர் லுவாங்கோ. கிளார்க்கை மீட்பதற்காக டொராண்டோ கொடுத்துவிட்ட அந்த உரிமையில் பிறந்த ஆட்டக்காரர்.